கடற்பக்கம் மட்டும்

ஐந்து மாரியாய் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.
முதல் வருஷம், குசினியில் ஒரு வாளி.
அடுத்தது, இரண்டு வாளி, ஒரு சட்டி.
மூன்றாவதில் மழை பொய்த்தது, கணக்கில்லை.
நாலாவதில் லக்‌ஷிகாவின் மேசைக்கு மேலே
பொலித்தீன் கட்டினோம்.
உயிரியல் நோட்ஸ் எல்லாம்
அப்பளம் போல நெளிந்து கிடந்தன.
போன கார்த்திகையில் வாளி முடிந்து
பக்கத்து வீட்டுக்குக் கடன் கேட்கப் போனேன்.
அவர்களுடையதும் நிரம்பிக்கொண்டிருந்தன.

பிள்ளைகளின் நிறைக்குப் புள்ளி வைத்து
கோடு இழுப்பது என் உத்தியோகம்.
ஒரு மாதம் கோடு சரிந்தால் பயப்படமாட்டேன்.
மூன்று மாதம் சரிந்தால் துண்டெழுதி
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.
சொந்தக் கூரைக்குத் துண்டெழுத மட்டும்
கை வரவில்லை.

பெரியகல்லாற்றில் எங்கள் வீடு.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் ஒரு சைக்கிள் மிதிக்கிற தூரம்.
சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டித் தந்தது.
முன்சுவரில் அன்பளிப்புப் பலகை,
உப்புக்காற்று தின்றது போக
'ளிப்பு' மட்டும் மிச்சம்.
சாரல் அடிக்காமலிருக்க
கடல் பார்த்த சுவருக்கு இவர் அடித்த தகரம்
விரல் பட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும்.

கச்சான் காற்று தொடங்கிய கிழமை
நேசதுரை ஓடாவியைக் கூப்பிட்டேன்.
ஏறியவர் ஓட்டைப் பார்க்கவேயில்லை.
சட்டைப் பையிலிருந்து
ஒரு நாலங்குல ஆணி எடுத்துக்
கைமரத்தில் குத்தினார்.
வாவிப் பக்கம், டொக்.
அதற்கடுத்தது, டொக்.
கடற்பக்கம் சத்தமேயில்லை.
கனிந்த கொய்யாவுக்குள் போவதுபோலப்
போய் நின்றது ஆணி.

"ஓடு உடைஞ்சா ஓட்டை மாத்தலாம் மிஸி.
மரம் பேசாட்டி என்ன செய்யிற?"
பிளேன்டி குடித்து, நாலு விலை சொல்லி,
நாலுக்கும் மேலே கொஞ்சம் போகும் என்றும் சொன்னார்.

டோஹாவுக்கு வீடியோவில் காட்டினேன்.
முழுக்கக் கழற்றிப் போடு என்றார் இவர்.
நாற்பது பாகை வெயிலில் நிற்பவருக்கு
மழை ஒரு செலவா என்ன, அது ஆசை.
மச்சாள் சொன்னாள்,
வீடு மகளுக்குத்தானே எழுதுவாய்,
வாறவன் போட்டுக்கொள்ளட்டும்.
"வாறவனுக்கும் கூரைக்கும் என்ன?"
என்று கேட்ட லக்‌ஷிகா
கொப்பியை இழுத்தெடுத்துக் கூட்டினாள்,
ஓடு, சீமெந்து, கூலி, ஐந்து வருஷம்.
பாதிக் கூரையின் காசு ஏற்கெனவே போய்விட்டது,
அதுவும் ஒழுகுகிற பாதிக்கு.

ஆகவே பாதி.
கடற்பக்கம் மட்டும் மரம் மாற்றி
அமானோ ஷீட், நீல நிறம்.
சுவருக்கும் அதே தகடு.
வாவிப் பக்கம் பழைய ஓடு, பழைய பாசி.
கழற்றியதில் நூற்றுப் பத்து ஓடு தேறியது,
வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறேன்,
மற்றப் பாதிக்கு வேண்டிவரும்.
முகட்டுக்கடியில் இரண்டு பட்டம்,
ஒரு ஒற்றைச் செருப்பு, எலி கட்டிய கூடு.
இரண்டு இரவு பாதி வீட்டுக்கு வானம்தான் கூரை.
ஒரு துளி விழவில்லை.
மழைக்கும் ஓட்டை வேணும் போல.

ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் காற்சட்டை என்று
ஊர் சிரித்தது.
சிரிக்கட்டும். சம்பளக் கடன் என் பெயரில்.

ஐப்பசி பதினேழு, நடுச்சாமம்.
ஓட்டில் மழை முணுமுணுத்தது,
தகட்டில் கத்தியது.
இரண்டுக்கும் நடுவில் படுத்திருந்து
வேறு சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன்.
கேட்டது.
ஓடும் தகடும் சந்திக்கிற பொருத்தில்
ஒரு சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று.
எழும்பி வாளியை வைத்தேன்.
கொப்பியில் புதுப் பக்கம்,
'ஆறாம் மாரி, ஒன்று'
என்று எழுதிவிட்டு
லைட்டை நிற்பாட்டினேன்.